மனசுக்கும் பஞ்சர் ஆகும்

"மனுஷன் கண்டுபிடிச்சதுலயே உருப்படாத சமாச்சாரம் மன்னிப்புதாம்மா. பிறந்ததிலிருந்து நான் ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்லை!"

சொன்னவர், நாளிதழில் தினம் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எழுதுபவர். அலுவலகத்தில் அவர் பெயர் 'அகராதி'. வேலையால் வந்த பெயரா, வாயால் வந்த பெயரா என்பதில் அங்கே இரண்டு கட்சிகள் உண்டு.

"இன்னைக்கு என்ன சொல் சார்?" என்றாள் பக்கத்து மேஜைப் பெண். வரி விளம்பரங்கள் அவள் பொறுப்பு.

"கம்பங்ஷன். தப்பு பண்ணினவனுக்கு மனசு உறுத்துறது. லத்தீன்ல 'நல்லா குத்துறது'ன்னு அர்த்தம். பஞ்சருக்கும் இதுக்கும் ஒரே வேர். டயர்ல குத்தினா அது, மனசுல குத்தினா இது."

"உங்களுக்குக் குத்தலையா சார்? பொண்ணு போய் வருஷமாகப் போகுதே."

"எனக்கென்ன குத்தல்? தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. இந்த வாசப்படியை மிதிக்காதேன்னேன். மிதிக்கலை. சொன்ன பேச்சு கேக்கிற பொண்ணு!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு போனாவது பண்ணலாமே சார்?"

"நம்பரை மாத்திட்டா. எந்த ஊர்ல இருக்கான்னும் தெரியாது."

"அப்ப ஒரு விளம்பரம் கொடுங்க. இதோ பாருங்க, 'தம்பி, எங்கிருந்தாலும் வா. யாரும் திட்ட மாட்டோம்.' தினம் ஒருத்தர் கொடுக்கிறாங்க. சிலர் திரும்பி வந்தும் இருக்காங்க."

அகராதி, கண்ணாடி நழுவும் அளவுக்குச் சிரித்தார்.

"ஊரே டீ குடிச்சுக்கிட்டே படிக்கிற இடத்துல உக்காந்து அழுறதா? முதுகெலும்பு இல்லாத அப்பன்மார் பண்ற வேலைம்மா அது. அவனுங்களுக்குத் தன்மானம்னு ஒண்ணு இருக்கா?"

"உங்களுக்கு இருக்கிறதெல்லாம் அது ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அகராதி கம்பங்ஷனை எழுதி முடித்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலப்பக்கம் திரும்பினார். இரண்டு தெரு தள்ளி, போட்டிப் பத்திரிகையின் அலுவலகம். தெரிந்த முகம் ஏதும் இல்லையே என்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, விளம்பரக் கவுண்டர் முன்னால் போய் நின்றார்.

அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவர் வாய் திறக்கும் முன்பே எழுதத் தொடங்கினார்.

"வாங்க ஐயா. 'அப்பா செஞ்சது தப்பு, வீட்டுக்கு வாம்மா.' இந்த வாரமும் அதேதானே?"