காணாமல் போன ரயில் பெட்டி

"ரயில்ல ஒரு பெட்டியைக் காணோம்" என்றார் டாக்டர். "அந்த வீசிங் பொண்ணு வீட்டுக்குப் போன் போடு. அவ பையிலதான் இருக்கும்."

நர்ஸ் மறுபேச்சில்லாமல் போனை எடுத்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஆலோசகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரயில் என்பது டாக்டரின் மேஜைமேல் நிற்கும் மரப் பொம்மை. அந்தப் பொண்ணுக்கு வயது ஐந்து.

சின்னச் சின்ன கிளினிக்குகளைக் குழந்தைகளின் 'மருத்துவ வீடு' ஆக்குவதுதான் ஆலோசகரின் வேலை. காய்ச்சலுக்கு ஓரிடம், இருமலுக்கு ஓரிடம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் அலையக் கூடாது. பிள்ளையை முழுசாகத் தெரிந்த ஒரு டாக்டர், வராவிட்டால் கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். டாக்டர்களுக்குப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதிலும் இந்த டாக்டருக்கு அக்கம்பக்கத்தில் பெயரே முசுடு.

காலையில்தான் இந்தச் சிறுமியைப் பற்றி ஆலோசகர் சொல்லியிருந்தார். மூச்சு முட்டிப் பெரிய ஆஸ்பத்திரிவரை போய் வந்த பிள்ளை, இங்கேயும் ஒரே ஒரு தடவை வந்து போனவள். போகிற இடமெல்லாம் புது டாக்டர், புது மருந்து. இன்னொரு தடவை முட்டினால் என்ன ஆகுமோ, இங்கேயே தொடர்ந்து வர வைத்தாக வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னதற்கு, டாக்டர் சொன்ன பதில் "ம்."

இப்போது அதே பிள்ளைமேல் திருட்டுப் பட்டம்.

பெட்டி பையில்தான் இருந்ததாம், யாரிடமாவது கொடுத்தனுப்புகிறாளாம் அம்மா. நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் மறுப்பாகத் தலையாட்டினார்.

"குடுத்தனுப்பறதெல்லாம் வேணாம். பொண்ணைக் கூட்டிக்கிட்டு நேர்ல வரச் சொல்லு."

"சின்னப் புள்ளைய நிக்க வெச்சு விசாரிக்கப் போறீங்களா டாக்டர்?" என்றார் ஆலோசகர்.

"பெட்டி வந்தாகணும்."

அம்மா வந்தாள். சலவைக் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்க வேண்டும், மடித்துவிட்ட சட்டைக் கை இன்னும் ஈரமாக இருந்தது. நீல நிறப் பெட்டியை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள்.

"என் பொண்ணு எடுக்கலைங்க. பைக்குள்ள எப்படி வந்துச்சுன்னே தெரியல. நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

குரல் உடைந்தது. சிறுமி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஆலோசகருக்கு அவமானத்தில் முகம் சிவந்தது. இனி இவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாளா?

டாக்டர் பெட்டியை ரயிலில் மாட்டினார். "சரி, வந்தது வந்தாச்சு. திரும்பி நில்லு பாப்பா" என்று ஸ்டெதஸ்கோப்பை அவள் முதுகில் வைத்தார். வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தார்.

"இன்ஹேலர்ல மருந்து இழுக்கறதை எப்ப நிறுத்தினீங்க?"

அம்மாவின் கோபம் பாதியில் நின்றது. இருமல் நின்றுவிட்டதே, அதனால்தான் என்று இழுத்தாள். நர்ஸும் வரச் சொல்லிக் கூப்பிட்டாள்தான், நன்றாக இருக்கிற பிள்ளைக்காகக் கடையில் எப்படி லீவு கேட்பது என்றாள்.

"வெளிய இருமல் நின்னுடுச்சு. உள்ள விசில் நிக்கல" என்றார் டாக்டர்.

மருந்தை எப்படி இழுப்பது என்று சிறுமியையே செய்து காட்டச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கே இருப்பாள் என்று கேட்டார். சலவைக் கடையில், ஆவிக்கும் பிளீச்சிங் நெடிக்கும் நடுவில் என்றதும், அவரே டீச்சருக்குப் போன் போட்டு, அம்மா வரும்வரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று பேசினார். முடியும் என்றார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆலோசகர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கோபம் கண்ணை மறைத்தது. அவர்கள் வாசலைத் தாண்டியதும் எழுந்துகொண்டார்.

"பிள்ளை வரலைன்னா தேடணும்னு நான் சொன்னேன். நீங்க பொம்மையைத் தேடறீங்க. இந்த கிளினிக் சரிப்படாது டாக்டர். நான் இனி இங்க வரப்போறதில்லை."

கைகழுவும் இடம் எங்கே என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு போன ஆலோசகர், முகம் கழுவித் திரும்பியபோது, அவருடைய கைப்பையோடு டாக்டர் அறை வாசலில் நின்றார்.

"மறந்துட்டுப் போயிடப் போறீங்க" என்று நீட்டினார்.

மறுநாள் காலை, அந்த கிளினிக்கை 'மருத்துவ வீடு' திட்டத்திலிருந்து தள்ளிவிடச் சொல்லி எழுதலாம் என்று உட்கார்ந்தார் ஆலோசகர். பேனாவுக்காகப் பைக்குள் கைவிட்டார். மரக்கட்டை ஒன்று தட்டுப்பட்டது.

எடுத்துப் பார்த்தார். சிவப்பு ரயில் பெட்டி.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நர்ஸ்.

"மேடம், எங்க ரயில்ல ஒரு பெட்டியைக் காணோம். உங்க பையில கொஞ்சம் பாருங்களேன்."

"ஐயோ, நான் எடுக்கலைங்க. பைக்குள்ள எப்படி வந்துச்சுன்னே…"

சொல்லும்போதே அவருக்கு நேற்று கேட்ட குரல் ஞாபகம் வந்தது. பாதியில் நிறுத்தினார்.

"தெரியும் மேடம்" என்றாள் நர்ஸ். "இங்க யாருமே எடுக்கறதில்ல. இவங்க திரும்பி வராம இருந்துடுவாங்களோன்னு டாக்டருக்கு யாரைப் பாத்துத் தோணுதோ, அவங்க பையிலதான் அது ஏறும். குடுத்தனுப்பறதெல்லாம் வேணாமாம். நேர்ல எப்ப வர்றீங்க?"