சளி கட்டிய இடம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்த குட்டிப் பெண் தன் முதல் சினிமாப் பாட்டைப் பாடுகிறாள். பெரிய ஹெட்ஃபோன் காதை விட்டு நழுவப் பார்க்கிறது. இந்தப் பக்கம், அவள் கேட்டுப் பழக நேற்று மாதிரி பாடிக் கொடுத்த ட்ராக் பாடகி, ஆடை படிந்த டீயோடு உட்கார்ந்திருக்கிறாள். சரணத்தின் கடைசியில் குழந்தையின் குரல் லேசாக உடைகிறது. இசையமைப்பாளர் சொக்கிப்போகிறார். "இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வராதும்மா. பிறவியிலேயே இருக்கணும்." ட்ராக் பாடகிக்கு வயிறு எரிகிறது. நேற்று அவளுக்குச் சளி கட்டிக் குரல் கம்மிய இடம் அது. வாண்டு அதையும் விடாமல் பிடித்திருக்கிறது. "உங்க ட்ராக்கை அழிச்சிடவாக்கா?" என்கிறார் ஒலிப்பதிவாளர். "தாராளமா." சொல்லிவிட்டு அந்த வரியை வாய்க்குள் பாடிப் பார்க்கிறாள். இன்று சளி இல்லை. குரல் உடைய மாட்டேன் என்கிறது.