கந்தகம் வெட்டும் வேலை

“விரலை நீட்டு.”

பானுப்பிரியா இரண்டு கைகளையும் நீட்டினாள். சாலமன்ராஜ் சார் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். வெடிமருந்து வாடை இல்லை. நகக்கண்ணில் கறுப்பும் இல்லை.

பட்டாசுக் கம்பெனிகளிலிருந்து மீட்டு வந்த பிள்ளைகளுக்காகச் சாத்தூரில் நடக்கும் பள்ளி அது. காலையில் விரல் பார்த்த பிறகுதான் வருகைப்பதிவு. பிள்ளைகள் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்பார் சார்.

ஆனால் இவள் கொஞ்ச நாளாக வகுப்பில் தூங்கி விழுகிறாள். கண் சிவந்து கிடக்கிறது. பிளஸ் டூ படிக்கும் அவர் மகள் ஆஷ்லினுக்கும் கண் சிவந்துதான் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்துப் படித்து வந்த சிவப்பு அது. இவளுக்கு எப்படி வரும்?

அம்மாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். தாயில்பட்டிக் கம்பெனியில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கையில் அலுமினியப் பொடி மினுங்க, வேலுத்தாய் வந்து நின்றாள்.

“திரும்ப வேலைக்கு அனுப்பிட்ட, இல்லம்மா?”

“இருக்கன்குடி ஆத்தா சத்தியமா இல்ல சார்.”

“அப்ப சாயங்காலம் எங்க போறா?”

“நீங்கதான டியூசன் எடுக்கீக?”

சார் டியூஷன் எடுப்பதில்லை. அதைச் சொன்னதும் வேலுத்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. சார் அதை நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டார். போன தடவை மன்னித்து விட்டாயிற்று, இந்தத் தடவை கேஸ்தான், பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் நீ நினைத்த நேரத்தில் பார்க்கக்கூட முடியாது என்றார்.

“எனக்குத் தெரியாம அவ போனா நான் என்ன சார் பண்ணுவேன்?”

“தெரியாதுன்னு சொன்னா ஆச்சா? பிள்ளை எங்க போறா, என்ன செய்றான்னு தெரியாம இருக்கறதே குத்தம்தான். பெத்தவங்கதான் பொறுப்பு.”

“சாயங்காலம் பின்னாலயே போயிப் பாத்துருவோம் சார்” என்றாள் வேலுத்தாய்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் இருவரும் பானுப்பிரியாவுக்குத் தெரியாமல் பின்னால் போனார்கள். அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கடைத்தெருவைத் தாண்டி, ஒரு சந்துக்குள் நுழைந்து, மாடிப்படி ஏறினாள்.

“இங்கன என்ன கம்பெனி சார் இருக்கு?” என்றாள் வேலுத்தாய்.

மேலே தனுஷ்கோடியின் பிரவுசிங் சென்டர். சாரைப் பார்த்ததும் தனுஷ்கோடி எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு கடைசித் தடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசித் தடுப்பில் பானுப்பிரியா இருந்தாள். திரையில் ஒரு மலை. அடிவாரத்தில் கோடாரியோடு ஒரு சின்னப் பொம்மை. அவள் சுட்டெலியை அமுக்க அமுக்க அது பாறையை வெட்டியது. எப்போதாவது மஞ்சளாக ஒரு கட்டி விழுந்தது. பையில் போட்டுக்கொண்டு மறுபடி வெட்டியது.

“என்ன இது?”

துள்ளி எழுந்தாள். “வெளாட்டு சார்.”

“என்ன வெட்டுற?”

“கந்தகம்.”

வேலுத்தாய்க்கு அந்த ஒரு சொல் புரிந்தது. மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

சார் தடுத்து விசாரித்தார். எங்கெங்கோ இருப்பவர்கள் கூட்டம் சேர்ந்து ஆடும் ஆட்டமாம். முன்னால் நின்று அடி வாங்க ஒருவர், தூர நின்று அம்பு விட ஒருவர், காயத்தை ஆற்ற ஒருவர். கூட்டத்தின் தலைவிக்கு நெருப்பு வாள் வேண்டும். அதைச் செய்ய மலையளவு கந்தகமும், ஒரு பல்லியைத் திரும்பத் திரும்பக் கொன்றால் என்றைக்காவது விழும் சிவப்புக் கல்லும் வேண்டும். இதெல்லாம் சலிப்பான வேலை, பெரியவர்கள் செய்யமாட்டார்கள். தினமும் ஒரு பை நிறைய இவள் வெட்டித் தரவேண்டும். குறைந்தால் திட்டு. சென்டருக்கான காசைத் தலைவியே தனுஷ்கோடியிடம் கொடுத்துவிடுவாளாம்.

“உனக்கு என்ன தருவாங்க?”

“வாள் முடிஞ்சதும் என்னையும் கூட்டத்துல சேத்துக்கிடுவாக. காயத்த ஆத்துற ஆளா.”

“எப்ப?”

“முதல்ல தீவாளிக்குன்னாக. இப்பப் பொங்கலுக்குன்னுருக்காக.”

சாருக்கு இது கேட்டுப் பழகிய பேச்சாக இருந்தது. சீசன் முடியட்டும், இந்த ஆர்டர் போகட்டும். எத்தனை கம்பெனி வாசலில் கேட்டிருக்கிறார். மருந்து ஒட்டாவிட்டால் அது வேலை இல்லையா? இத்தனை நாளும் விரலில் எதைத்தான் தேடினோம் என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

“அப்ப நான் அனுப்பலேல்ல சார்?” என்று கேட்டாள் வேலுத்தாய்.

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கூச்சம் கோபமாக மாறியது. தனுஷ்கோடியிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினார். கலெக்டருக்கே எழுதப்போவதாகச் சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

“சின்னப் பிள்ளைக விவகாரம் சார், விட்டுருங்க” என்றார் தனுஷ்கோடி.

“நீங்களும் கூட்டா? பானு, பேரைச் சொல்லு. யாரா இருந்தாலும் விடமாட்டேன்.”

அவள் தயங்கினாள். “திட்ட மாட்டீகளே சார்?”

“சொல்லு.”

“போன கிறிஸ்மசுக்கு நம்ம பள்ளிக்கூடத்துல கேக்கு குடுத்தாகள்ல சார், ஆஷ்லின் அக்கா.”

அதே நேரத்தில் திரையில் தங்கக் கவசம் போட்ட ஒரு பெண் பொம்மை வந்து நின்றது. அதன் தலைக்கு மேல் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது: ‘எவ்ளோ சேர்ந்துச்சு? சீக்கிரம் குடு. அப்பா வர்ற நேரம்.’

சாரின் பேனா தாளில் ஊன்றியபடி நின்றது.

வேலுத்தாய்க்கு வாசிக்கத் தெரியாது. ஆஷ்லின் யாரென்றும் தெரியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

“அந்தப் பிள்ளை பேரு மட்டும் பத்தாது சார். பெத்தவுகதான் பொறுப்புன்னு சொன்னீகள்ல, அவுக அப்பா பேரையும் சேத்து எழுதுங்க.”