ஒரு டிக், நாலு சாப்பாடு

“இன்னிக்கும் புட்டுக்கிச்சு தம்பி. கம்ப்யூட்டரு தூங்கி முழிச்சா டிஸ்க்கக் காணோம்னுது” என்று கதவைத் திறந்தபடியே சொன்னாள் ஜரினா. எழிலரசன் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டான். மனசு மட்டும் துள்ளியது. உள்ளேயிருந்து வந்த வாசனை அப்படி.

இது நான்காவது நாள். ஜரினாவின் மகள் ஆஃப்ரின் கல்யாண வீடியோ எடிட் செய்பவள். படமெல்லாம் வெளியே செருகும் ஹார்ட் டிஸ்கில். கம்ப்யூட்டர் தூங்கினால் டிஸ்க் துண்டித்துக்கொள்கிறது என்று உப்பளம் பகுதியிலிருக்கும் இந்த வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் புகார்.

நோய் என்னவென்று மெக்கானிக் எழிலரசனுக்கு முதல் நாளே தெரியும். தூங்கும்போது கரண்டை மிச்சம் பிடிக்க யு.எஸ்.பி.யை அணைக்கச் சொல்லி செட்டிங்கில் ஒரு டிக். அதை எடுத்தால் தீர்ந்தது. எடுக்கப் போனவனைத்தான் ஜரினா தடுத்துவிட்டாள்.

“சாப்பாட்டு நேரத்துல வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புற பழக்கம் எங்க வீட்ல இல்ல. ஒக்காரு!”

மீன் குழம்பு. தினமும் மத்தியானத்தை டீயும் பன்னுமாக ஓட்டுகிறவன் என்ன செய்வான்! ஆனாலும் தவளக்குப்பத்தில் மீன் விற்கும் வீட்டுப் பிள்ளையாயிற்றே, வாய் சும்மா இருக்குமா? “கொழம்பு பிரமாதம்க்கா. மீனுதான் ஐஸ் மீனு” என்று சொல்லித் தொலைத்தான். ஜரினா கோபப்படாமல் மகளைப் பார்த்தாள்.

அன்றைக்கு டிக்கைத் தொடாமல், கேபிளை மாற்றிவிட்டு வந்தான். மறுநாள் பிரியாணி, பழி யு.எஸ்.பி. ஹப் மேல். அதற்கடுத்த நாள் தால்சா. பழி வீட்டுக் கரண்ட் மேல்.

இன்று காலை முதலாளி புருஷோத்தமன் கத்தியே விட்டார். “இன்னிக்கு முடிக்கல, நாளைக்கு முருகையன அனுப்பிடுவேன்!” கடையின் இன்னொரு மெக்கானிக்கான முருகையன் இரண்டே நிமிஷத்தில் டிக்கை எடுத்துவிடுவான். சாப்பாடும் போகும், மானமும் போகும்.

மேசையில் கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தது. இருண்ட திரைக்குப் பக்கத்தில் டிஸ்கின் நீல விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. எழிலரசனின் கண் அதிலா நிற்கும்? அடுக்களையில் நின்றது.

“மொதல்ல சாப்புடு தம்பி. உப்பு எப்டி?”

“சரியா இருக்குக்கா. எறாலும் நல்லா வெந்திருக்கு. பட்டைதான் கொஞ்சம் தூக்கலு.”

கை கழுவியதும் மனசாட்சி உறுத்தியது. இதுதான் கடைசிச் சாப்பாடு என்று நினைக்கவே அழுகை வந்தது. பெருமூச்சோடு செட்டிங்கைத் திறந்தான்.

டிக்கைக் காணோம்!

“அக்கா... இங்க ஒரு டிக் இருந்துதே?”

“அதுவா? மொத நாளு நீ போனதுமே, நீ தொறந்து வெச்ச எடத்தப் பாத்து ஆஃப்ரின் எடுத்துட்டா. அப்புறம் ஒரு தடவகூட டிஸ்க் புட்டுக்கல” என்றாள் ஜரினா, கொஞ்சமும் கூசாமல்.

எழிலரசன் திருதிருவென்று விழித்தான். “அப்ப எதுக்குக்கா தெனம் கூப்ட்டீங்க?”

“அடுத்த மாசம் சாப்பாட்டுக் கட தொறக்கறேன். வீட்ல எதப் போட்டாலும் நல்லாருக்குன்றாங்க. ஐஸ் மீனுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னது நீ ஒருத்தன்தான்” என்றவள், குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்குக் குருமா. கம்ப்யூட்டருக்கு இன்னா ரிப்பேருன்னு மொதலாளிகிட்ட நீயே ஒன்னு சொல்லிடு!”