மூன்றாவது எச்சரிக்கை

பரீட்சை அறையில் இருந்தவர்கள்: மேசைக்கு முன்னால் மகள். கட்டிலுக்கு அடியில் அப்பா. ஜன்னல் திரைக்குப் பின்னால் அம்மா. கல்லூரியின் பதிவேட்டுப்படி மகள் மட்டும்.

கிறீச்சிடும் நாற்காலிக்கு எண்ணெய் விட அப்பாவும், மேசையைத் துடைக்க அம்மாவும் உள்ளே வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மகள் இயர்போனை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

"பரீட்சை ஆரம்பிச்சாச்சு. ஒளிஞ்சுக்கோங்க!"

கதவு மகளுக்கு நேர் பின்னால் இருந்தது. கேமராவில் விழாமல் அதைத் தாண்ட முடியாது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இண்டு இடுக்கில் நுழைவது கைவந்த கலை. ஒரே பாய்ச்சலில் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்குக் கிடைத்தது தன் கையாலேயே தைத்த ஜன்னல் திரை. துணியை மிச்சம் பிடித்துத் தைத்ததில், முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தெரிந்தது.

தொற்று வந்து கல்லூரியைப் பூட்டியதிலிருந்து வகுப்பு, பரீட்சை எல்லாமே இந்த அறையில்தான். கண்காணிப்பாளர் எங்கோ உட்கார்ந்து கேமரா வழியே பார்ப்பார். அறையில் வேறு தலை தெரியக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது. தேதியை வேறு மூன்று முறை மாற்றிவிட்டார்கள். என்றைக்குப் பரீட்சை என்று மகள் சொன்னால்தான் வீட்டுக்குத் தெரியும்.

முதல் தாள் அன்று, கேமராவின் பச்சை விளக்கு எரிவதைக் கவனிக்காமல் அப்பா இடுப்புத் துண்டோடு உள்ளே வந்து, போனில் கத்தினார். "பதறாதீங்க! கதவ உடைக்காதீங்க! மூச்ச நல்லா இழுத்து விடுங்க!"

லிஃப்டில் மாட்டிக்கொண்ட யாருக்கோ சொன்னது. பரீட்சை எழுதிய அறுபது பேரும் மூச்சை இழுத்து விட்டார்கள். முதல் எச்சரிக்கை.

இரண்டாம் தாள் அன்று, அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து லேப்டாப் திரைக்குள் எட்டிப் பார்த்தாள். "சார், பாப்பாவுக்கு ஒரு பத்து நிமிஷம் கூடக் குடுங்க சார். காலைல சரியாவே சாப்பிடல" என்று கண்காணிப்பாளரிடமே சிபாரிசு செய்தாள். இரண்டாவது எச்சரிக்கை.

மூன்றாவது வந்தால் தாள் ரத்து. தாள் போனால் வருஷம் போச்சு.

அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். தலைக்குப் பக்கத்தில் மகளின் ஹாஸ்டல் பெட்டி. 'அறை 14' என்று அவரே பெயின்டால் எழுதியது. ஹாஸ்டலைப் பார்க்காமலே இரண்டு வருஷத் தூசியைச் சேர்த்து வைத்திருந்தது. அந்தத் தூசி இப்போது அவர் மூக்குக்குள் புகுந்தது.

தும்மல் கிளம்புவதை அம்மா பார்த்துவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த முகக்கவசத்தை எடுத்துத் தரையில் போட்டு, கால் கட்டைவிரலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்பா அதை மூக்கோடு அமுக்கிக்கொண்டு தும்மினார். சைக்கிள் டியூபிலிருந்து காற்று போவது போல ஒரு சத்தம்.

மகளின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ? அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். லேப்டாப்பின் மேல் விளிம்பு தெரிந்தது. திரையின் வெளிச்சத்தைத் தவிர வேறு விளக்கு எதுவும் எரியவில்லை. மகள் மறுபடி எழுதத் தொடங்கினாள். போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்து, சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிறாராம். அப்பா கூட்டாளிக்குத் தகவல் அனுப்பிவிட்டு, அந்த ஆளுக்கு ஒற்றை விரலால் பதில் அடித்தார்: 'பதறாதீங்க, ஆள் வர்றாரு. நானும் ஒரு எடத்துல மாட்டிட்டுத்தான் இருக்கேன்.'

அம்மா தன் காலைக் காட்டினாள். மரத்துப் போய்விட்டதாம். இன்னும் அரை மணி என்று அப்பா கையால் சைகை செய்தார். எல்லாம் உங்களாலதான் என்று அம்மா கண்ணை உருட்டினாள். அவர் பதிலுக்குப் புருவத்தைத் தூக்கினார். இருபத்திரண்டு வருஷக் குடும்பத்தில் சத்தம் இல்லாமல் போட்ட முதல் சண்டை அதுதான்.

ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் ஆனதும் மகள் இயர்போனைக் கழற்றினாள். "முடிஞ்சுது. வெளிய வாங்க."

அப்பா தவழ்ந்து வந்து, இடுப்பு நிமிராமலே ஒரு ஆட்டம் போட்டார். "ஒரு சத்தம் வந்துச்சா? நான் இருந்ததே தெரியலல்ல?"

"அப்ப அந்தத் தும்மல் யாரோடது? கட்டில் தும்மிச்சா?" என்று நொண்டியபடி வந்தாள் அம்மா.

"எப்படிம்மா எழுதின?" என்றார் அப்பா.

"அத விடுங்க. இனிமே பரீட்சை நேரத்துல இந்தப் பக்கம் வருவீங்களா?"

"வந்தா என்னன்னு கேளு! போன அணைச்சுப் போட்டுட்டு மொட்டை மாடிக்குப் போயிடறேன்."

"அம்மா நீ?"

"என்னக் கும்புட்டுக் கூப்பிட்டாலும் வரமாட்டேன்டி. என் காலு எனக்கு வேணும்."

மகள் இருவர் முதுகிலும் கைவைத்து அறைக்கு வெளியே தள்ளினாள். பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

வெற்றிக் களிப்பில் அப்பா இடுப்பைத் தேய்த்தபடி அங்கேயே நின்றார். கதவுக்கு உள்ளே மகள் யாரிடமோ போனில், சிரிப்பை அடக்க முடியாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் பாஸுடி! எனக்குத்தான் நாளைக்குப் பரீட்சை."