கடைசிக் கார்

பாலைவனப் பூங்காவின் வாகன நிறுத்தத்தில் ஒரே ஒரு கார் மிச்சமிருக்கிறது; அதில் வந்தவர்கள் இன்னும் திரும்பவில்லை. மாலை வெயில் பாறைகளின் உச்சிக்கு ஏறிவிட்டது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்க அடுக்கிவைத்த கற்குவியல்களைக் காலையில்தான் உதைத்துக் கலைத்தாள் காவலர் வெர்னா. நடைபாதைக்கு வழிகாட்டப் பூங்காவே வைத்த அசல் குவியலும் அதில் போயிருக்குமோ என்று இப்போது பாதையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சரளை நொறுங்கும் சத்தம். புதர்களுக்கு நடுவே ஒரு வைக்கோல் தொப்பி, பின்னாலேயே ஒரு சிவப்புத் தொப்பி. “என்னம்மா, எங்களுக்காகவா நிக்கறே?” என்று சிரிக்கிறார் கிழவர். “வழி தெரிஞ்சுதா சார்?” “குவியலுக்குக் குவியல் கரெக்டா கொண்டுவந்து விட்டுச்சே! ஆமை ஒண்ணு பாதையைத் தாண்டுற வரைக்கும் இவதான் நகரமாட்டேன்னுட்டா.” “உன்னைவிட அது வேகம்,” என்கிறாள் மனைவி. அவர்களுக்கென்று வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, வெர்னா தானே மடமடவென்று குடித்து முடிக்கிறாள்.