காணாமல் போன பைகள்

குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பேருந்து ஓட்டுநருக்கு மலம் வயிற்றில் ஒட்டிய பையில்தான் இறங்கியது. அவர் வீடு திரும்பிய அன்றே மனைவி பக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். சுவருக்கு அப்பாலிருந்து அவள் இருமுவது மட்டும் கேட்கும். இன்று பெட்டியில் புதுப் பைகளும் குறைந்திருந்தன.

“நாத்தம் தாங்கலைன்னா வாயால சொல்லு. பையைத் தூக்கிப் போட்டா நான் எங்க போவேன்?”

“நான் ஒண்ணும் தூக்கிப் போடல.”

“பின்ன, அதுக்குக் காலா முளைச்சிருக்கு?”

அவள் தயங்கிச் சட்டையை லேசாக உயர்த்தினாள். அவள் வயிற்றிலும் ஒரு பை ஒட்டியிருந்தது. உள்ளே தண்ணீர்.

“தூக்கத்துல உருள்றவளாச்சே நான். உங்களோடதை நசுக்கிடக் கூடாதேன்னு இதை ஒட்டிக்கிட்டுப் படுத்துப் பழகறேங்க. நேத்தும் படுக்கை நனைஞ்சிடுச்சு.”

“நனைஞ்சா நனையட்டும்,” என்று அவர் கட்டிலில் அவளுக்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.